கோட்டைக்குள் குடியிருப்போர்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை நோக்கிப் பேருந்தில் செல்வோருக்குச் செஞ்சியை நெருங்குகையில் ஓர் அரிய காட்சி புலப்படும். பெரும்பாறைகளை யாரோ கையால் அடுக்கி வைத்தாற்போன்ற குன்றுகள்; அவற்றின்மீது ஏறி இறங்கும் நீண்ட மதில்கள். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஒருங்கே வளைத்து நிற்கும் அக்கோட்டை, 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியர் காலப் பாதுகாப்பு அரண்கள் என்று ஒருங்கே தெரிந்தெடுக்கப்பட்ட 12 கோட்டைகளுள் தமிழகத்தைச் சார்ந்தது செஞ்சி ஒன்றே.

இக்கோட்டை நம் மறை வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. 1597ஆம் ஆண்டில், இயேசு சபையைச் சேர்ந்த நிக்கோலாஸ் பிமெந்தா அடிகளார் செஞ்சிக்கு வந்தார். கிருஷ்ணப்ப நாயக்கரின் ஆட்சியில் சிறந்து விளங்கிய அந்நகரைக் கண்டு அவர் வியந்தார். இந்தியாவில் தாம் கண்டவற்றுள் இதுவே பெரிய நகரம் என்றும், போர்த்துக்கல் நாட்டில் லிஸ்பன் ஒன்றைத் தவிர வேறெந்த நகரமும் இதனைவிடப் பெரிதன்று என்றும் எழுதி வைத்தார்.

கோட்டையொன்று நிலைத்து நிற்க மதில்கள் மட்டும் போதா. உள்ளே குடியிருப்போர் யார், பகைவர் யார் என்று பிரித்தறியும் கண் வேண்டும். குறையாத நீர்நிலையும் வேண்டும். நம் உடலிலும் இத்தகைய கோட்டை ஒன்று உண்டு. அதுவே சிறுநீர்ப் பாதை. அக்கோட்டைக்குள் எவருமே குடியில்லை என்று மருத்துவ உலகம் நூறாண்டுகளுக்கு மேலாக நம்பியிருந்தது. அந்நம்பிக்கை தவறென்பது அண்மையில்தான் தெளிவாயிற்று. இதைப்பற்றி நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம் என்பதனாலேயே இக்கட்டுரை.

வாய்விட்டுச் சொல்லாத துன்பம்

செஞ்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நெல்லும் மணிலாவும் விளைகின்றன. களை பறிக்கவோ மல்லாட்டை ஆயவோ காலையில் கழனிக்குப் புறப்படும் ஒரு தாயை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். வெயில் ஏற ஏற நா வறள்கிறது. ஆயினும் அவர் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க இடமில்லை. இருட்டும்வரை அடக்கிக்கொள்கிறார். இவ்வாறே நாள்கள் கழிகின்றன. ஒரு நாள் சிறுநீர் கழிக்கையில் நெருப்பைத் தொட்டாற்போல் எரிகிறது. அடிக்கடி போக வேண்டும் என்னும் உணர்வு; போனாலோ சொட்டுச் சொட்டாகவே வருகிறது. அடிவயிறு வலிக்கிறது.

நீர்க்கடுப்பு என்றும் நீர்ச்சுருக்கு என்றும் நம் பாட்டிமார் குறிப்பிட்ட நோய் இதுவே. அத்தாய் யாரிடமும் சொல்வதில்லை. கணவரிடம் சொல்ல நாணம். மகனிடம் சொல்லக் கூச்சம். துன்பம் மிகும்போது கடைத்தெருவில் உள்ள மருந்துக் கடையில் அரைகுறையாகச் சொல்லி நான்கு மாத்திரைகள் வாங்கி வருகிறார். இரண்டு மாத்திரைகளில் எரிச்சல் தணிகிறது. மீதி இரண்டையும் மடித்து மாடத்தில் வைத்துவிடுகிறார். அடுத்த திங்களில் அதே துன்பம் மீண்டும் வருகிறது. இம்முறை அதே மாத்திரை பலிக்கவில்லை.

இந்தத் தாய் ஏதோ ஒரு வீட்டில் மட்டும் இருப்பவர் அல்லர். மகளிருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட உண்மை. எனவே இதனைப் பேசுவதில் நாணம் வேண்டா. பேசாதிருப்பதால் விளையும் கேடே பெரிது.

பாதையின் அமைப்பு

நம் இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை உடல் திரும்ப ஏற்றுக்கொள்கிறது. எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக இரு குழாய்களின் வழியே இறங்கிச் சிறுநீர்ப்பையை அடைகிறது. அப்பை 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை கொள்ளும். அங்கிருந்து வெளியேறும் வழி ஆண்களுக்கு ஏறத்தாழ 20 செ.மீ. நீளமுள்ளது, பெண்களுக்கோ 4 செ.மீ. மட்டுமே.

இராஜகிரியின் உச்சிக்கு ஏறியோர், வழியில் குறுக்கிடும் ஆழ்ந்த பாறைப் பிளவையும் அதன்மேல் இட்ட சிறு பாலத்தையும் அறிவர். அப்பாலத்தை எடுத்துவிட்டால் பகைவர் மேலேற இயலாது. ஆண்களின் உடலில் நெடுவழியே அத்தகைய காவலாக அமைந்துள்ளது. பெண்களின் உடலில் வாயிலுக்கும் பைக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறுகியது. மலவாயிலும் அருகிலேயே உள்ளது. மகளிரை இந்நோய் மிகுதியாகப் பற்றுவதன் காரணம் இதுவேயன்றி, அவர்களுடைய ஒழுக்கமோ தூய்மைக் குறைவோ அன்று. இதனை ஆண்களும் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும்.

காலியான கோட்டை என்னும் நம்பிக்கை

1860களில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் ஓர் ஆய்வு செய்தார். புறத்திலிருந்து கிருமிகள் புகாவண்ணம் அடைத்து வைத்த புதுச் சிறுநீர் நெடுநாள் கெடாதிருப்பதை அவர் காட்டினார். பொருள்கள் தாமாகவே அழுகுவதில்லை, காற்றோடு வரும் நுண்ணுயிர்களே அழுகச் செய்கின்றன என மெய்ப்பிப்பதே அவர் நோக்கம். ஆயினும், நலமுள்ளவரின் சிறுநீரில் கிருமியே இல்லை என்னும் கருத்து அதிலிருந்து கிளைத்து வேரூன்றியது.

1885இல் ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிக், குழந்தைகளின் குடலில் வாழும் ஒரு கோல்வடிவ பாக்டீரியாவைக் கண்டறிந்து விவரித்தார். பின்னர் அவர் பெயராலேயே அது எஷெரிக்கியா கோலி எனப்பட்டது; சுருக்கமாக ஈ.கோலி என்கிறோம். குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் தீங்கு செய்யாத இக்கிருமியே, வழி தவறிச் சிறுநீர்ப் பாதைக்குள் ஏறுகையில் நீர்க்கடுப்புக்கு முதற்காரணமாகிறது.

1950களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்வர்டு காஸ் என்னும் மருத்துவர் இதற்கொரு அளவுகோல் வகுத்தார். கலத்தில் பிடிக்கையில் தோலிலிருந்து சில கிருமிகள் சிறுநீரில் கலந்துவிடுவது இயல்பு. எத்தனை இருந்தால் உண்மையான நோய் எனக் கொள்வது? ஒரு மில்லி லிட்டரில் 1 இலட்சம் கிருமிகள் என்பது அவர் வகுத்த எல்லை. உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் அவ்வெல்லையைப் பின்பற்றின. கருவுற்ற மகளிருள் சிலருக்கு எவ்வித வலியுமின்றியே சிறுநீரில் கிருமிகள் பெருகியிருப்பதையும், கவனியாதுவிட்டால் அது சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்பதையும் எடுத்துக்காட்டியவரும் அவரே.

அடுக்களையிலிருந்து வந்த உதவி

கண்ணுக்குப் புலப்படாத இக்கிருமிகளை எவ்வாறு எண்ணுகின்றனர்? அவற்றுக்கு உணவிட்டு வளர்த்து, கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாகப் பெருகச் செய்து எண்ணுகின்றனர். தொடக்கத்தில் இதற்கு இறைச்சியிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைப் பயன்படுத்தினர். வெப்பமான நாள்களில் அது உருகி ஓடிற்று. சில கிருமிகள் அதையே தின்று கரைத்தன. ஜெர்மனியில் இராபர்ட் காக் என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த வால்டர் ஹெஸ்ஸே என்பவர் இதனால் பெரிதும் வருந்தினார்.

அவருடைய துணைவியார் ஃபேனி ஹெஸ்ஸே, தாம் பழக்கூழும் இனிப்புக் கட்டியும் செய்யப் பயன்படுத்திய அகர் அகரைப் பரிந்துரைத்தார். 1881-82ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது இது. நம் வீடுகளில் கடற்பாசி என்று வாங்கிப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி உறையவைக்கும் அதே பொருள்தான்! அது கோடையிலும் உருகுவதில்லை. இன்றுவரை உலகின் ஆய்வுக்கூடங்கள் அனைத்திலும் கிருமிகளுக்குப் பாய் விரிப்பது இந்த அகரே. இராமநாதபுரம் கடற்கரையில் கழுத்தளவு நீரில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் சேகரிக்கும் நம் சகோதரிகளின் உழைப்பிலிருந்தும் அகர் உருவாகிறது. மருத்துவ அறிவின் வளர்ச்சியில் ஓர் இல்லத்தரசிக்கும், மீனவப் பெண்களுக்கும் பங்கு உண்டு என்பதை நம் பெண்மக்களுக்குச் சொல்லி வைப்பது நன்று.

வழக்கமான சோதனையில், வளையக் கம்பியால் ஒரு மில்லி லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு சிறுநீரை எடுத்து அகர்த் தட்டில் தடவுவர். 35 பாகை வெப்பத்தில் ஒரு நாள் வைத்திருப்பர். ஈ.கோலி இருந்தால், மெக்காங்கி என்பார் வகுத்த தட்டில் இளஞ்சிவப்பு நிறப் புள்ளிகள் தோன்றும். ஒன்றும் தோன்றாவிடில், வளர்ச்சி இல்லை என்று எழுதிக் கொடுப்பர். வளர்ச்சி இல்லை என்பதற்கு, அத்தட்டில் அந்த ஒரு நாளில் வளரவில்லை என்பதே பொருள். உடலுக்குள் எதுவுமே இல்லை என்று பொருள் கொண்டதுதான் தவறு.

சிக்காகோவில் திறந்த கதவு

பிமெந்தா அடிகளார் சார்ந்திருந்த இயேசு சபையே 1870ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஒரு கல்லூரியைத் தொடங்கியது. அதுவே இன்றைய லயோலா பல்கலைக்கழகம். மேற்கூறிய நம்பிக்கையை அசைத்த ஆய்வு அங்குதான் நிகழ்ந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

2007இல் அமெரிக்க அரசு, மனித உடலில் வாழும் நுண்ணுயிர்களைக் கணக்கிடும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. தோல், வாய், மூக்கு, குடல் எனப் பல இடங்களைத் துருவி ஆராய்ந்த அத்திட்டத்தில் சிறுநீர்ப்பைக்கு இடமில்லை. காலி வீட்டில் யாரைக் கணக்கெடுப்பது என்று விட்டுவிட்டனர் போலும்! லயோலாவின் ஆலன் உல்ஃப், லிண்டா புரூபேக்கர், பால் ஷ்ரெக்கன்பெர்கர் ஆகியோர் அவ்வீட்டின் கதவைத் தட்டிப் பார்க்கத் துணிந்தனர். தோலில் உள்ள கிருமிகள் கலவாதிருக்க, மெல்லிய குழாயைச் செலுத்திப் பையிலிருந்தே சிறுநீரை எடுத்தனர். அதில் பாக்டீரியாக்களின் மரபுப்பொருள் காணப்படுவதை 2012இல் அவர்கள் வெளியிட்டனர்.

அவை உயிருள்ளவையா, இறந்துபட்டவற்றின் எச்சமா என்னும் ஐயம் எழுந்தது. அதனைத் தீர்க்க அவர்கள் செய்தது மிக எளிய மாற்றமே. வழக்கத்தினும் நூறு மடங்கு சிறுநீரைத் தட்டில் இட்டனர். ஒரு நாளுக்குப் பதிலாக இரண்டு நாள் காத்திருந்தனர். சில கிருமிகளுக்குக் காற்றிலுள்ள உயிர்வளி ஆகாது. அவற்றுக்கேற்ற சூழலையும் அமைத்தனர். 2014இல் வெளியான அவ்வாய்வில் 65 மகளிரின் சிறுநீர் சோதிக்கப்பட்டது. அவர்களுள் 52 பேரின் சிறுநீரில் பாக்டீரியாக்கள் வளர்ந்தன. அந்த 52இல் 48, வழக்கமான சோதனையில் வளர்ச்சி இல்லை என்று குறிக்கப்பட்டவை! அனைத்துமாக 85 இனங்கள் அடையாளம் காணப்பட்டன. சிறுநீர் கிருமியற்றதன்று என்பதையே அக்கட்டுரையின் தலைப்பாகவும் அவர்கள் இட்டனர்.

பொறுமையாகக் காத்திருந்தவர்க்கே உண்மை புலப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக மருத்துவ நூல்களில் எழுதப்பட்டிருந்த ஒரு கருத்து, ஒரு நாள் கூடுதலாகக் காத்திருந்ததில் மாறிற்று.

குடியிருப்போர் அனைவரும் பகைவரல்லர்

உள்ளே குடியிருப்போர் யார்? அவர்களுள் குறிப்பிடத்தக்கவை லாக்டோபேசில்லஸ் என்னும் வகையைச் சார்ந்தவை. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்களின் உறவினர் இவை. இவ்வினத்தார் புளிப்பைச் சுரந்து, தீய கிருமிகள் தங்கள் இடத்தில் வந்து தங்கவொட்டாமல் தடுக்க வல்லவர். அடக்க முடியாத நீர்ப்போக்கினால் வருந்தும் மகளிரின் பையில் இவ்வினம் குறைந்தும் வேறு சில இனங்கள் மிகுந்தும் இருப்பதை அதே லயோலா அறிஞர்கள் கண்டனர்.

சுவீடன் நாட்டில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சி வியப்புக்குரியது. அங்கே ஒரு பள்ளிச் சிறுமியின் சிறுநீரில் ஈ.கோலி நிறைந்திருந்தது. ஆனால் அச்சிறுமிக்கு வலியில்லை, காய்ச்சலில்லை. மூன்றாண்டுகளாக அக்கிருமி அவளோடு அமைதியாகக் குடியிருந்தது. அக்கிருமியை அறிஞர்கள் தனித்தெடுத்து வளர்த்தனர். மீண்டும் மீண்டும் நீர்க்கடுப்பினால் வருந்தியோர் சிலரின் சிறுநீர்ப்பையில் அதனையே வேண்டுமென்று குடியேற்றினர். அது நிலைத்துத் தங்கியவரை, அவர்களுக்கு நோய் வருவது குறைந்தது. பெயரால் பகைவனாயினும் செயலால் காவற்காரனாயிற்று அக்கிருமி!

இதிலிருந்து மருத்துவர்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு. வலியோ காய்ச்சலோ இல்லாதபோது, சோதனைத் தாளில் கிருமி என்று எழுதியிருப்பதை மட்டும் கண்டு மருந்து கொடுக்கலாகாது. முதியவர்க்கும் நீரிழிவு நோயாளர்க்கும்கூட இதுவே இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. கருவுற்ற மகளிர் மட்டுமே இதற்குப் பெரிய விலக்கு. அவர்களுக்கு அறிகுறி ஏதுமில்லாவிடினும் மருத்துவம் தேவை. இல்லையெனில் தாயின் சிறுநீரகத்துக்கும் சேயின் நலத்துக்கும் ஊறு நேரலாம்.

மதிலேறும் பகைவன்

நோய் உண்டாக்கும் ஈ.கோலியிடம் ஒரு தனித்திறன் உண்டு. அதன் உடலைச் சுற்றி நூலிழை போன்ற உறுப்புகள் இருக்கின்றன. அவற்றின் நுனியிலுள்ள கொக்கியால் அது சிறுநீர்ப்பையின் சுவரைப் பற்றிக்கொள்கிறது. ஓடும் நீர் மற்றவற்றை அடித்துச் செல்கையில் இது மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உகந்த சூழலில் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகப் பெருகக்கூடியது. நீரை அடக்கிவைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதற்குக் கிடைத்த அவகாசமே. சில வேளைகளில் சுவரின் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து பதுங்கி, மருந்து நின்றபின் மீண்டும் வெளிப்படுகிறது. மேலும் ஏறிச் சிறுநீரகத்தை அடைந்தால் குளிர்காய்ச்சலும் விலாவலியும் வாந்தியும் தோன்றும். அந்நிலை உயிருக்கே ஊறு விளைக்கக்கூடும்.

ஒரு துளிச் சிறுநீரில் உலகம் கண்ட அச்சம்

மாடத்தில் மடித்து வைத்த இரண்டு மாத்திரைகளுக்கு இப்போது திரும்புவோம். அரைகுறையாக உண்ட மருந்து என்ன செய்யும்? வலுவற்ற கிருமிகளைக் கொல்லும், வலுத்தவற்றை விட்டுவைக்கும். காவல் புரிந்த நற்குடிகளையும் சேர்த்தே அழிக்கும். அவர்கள் காலி செய்த இடத்தில் வலுத்த பகைவன் தடையின்றிக் குடியேறுவான். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, போதிய அளவின்றி மருந்துண்பவர் கிருமிகளை மருந்துக்கு அடங்காதவையாகப் பழக்கிவிடுவர் என்று எச்சரித்தார்.

அவ்வெச்சரிக்கை நம் நாட்டிலேயே மெய்யாயிற்று. 2008ஆம் ஆண்டு ஜனவரியில், இந்தியாவில் மருத்துவமனையில் இருந்துவிட்டுச் சுவீடனுக்குத் திரும்பிய இந்திய வம்சாவளியினர் ஒருவரின் சிறுநீரில், கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியா காணப்பட்டது. கடைசிப் புகலிடமாக வைத்திருந்த வலிய மருந்துகளுக்கும் அது அடங்கவில்லை. அம்மருந்துகளைச் சிதைக்கும் புதியதொரு நொதி அதனிடம் இருந்தது. அதற்கு என்.டி.எம்-1 எனப் பெயரிட்டு 2009இல் அறிவித்தனர்.

2010 ஆகஸ்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வுக் கட்டுரை இங்கிலாந்தின் இலான்செட் குடும்ப இதழொன்றில் வெளிவந்தது. அந்நொதியைக் கொண்ட கிருமிகள் சென்னையில் 44, அரியானாவில் 26, இங்கிலாந்து உள்ளிட்ட ஐக்கிய அரசில் 37 எனக் கண்டறியப்பட்டதை அது தெரிவித்தது. இத்திறன் ஒரே கிருமியோடு நின்றுவிடுவதன்று. அண்டை வீட்டாருக்கு அகப்பையில் நெருப்பு எடுத்துக் கொடுப்பதுபோல், ஒரு கிருமி மற்றொன்றுக்கு இதனைக் கொடுத்துவிடும். எனவே ஒரு வீட்டில் மருந்தைத் தவறாகப் பயன்படுத்தினால் அவ்வீட்டார் மட்டுமன்றி ஊராரும் துன்புறுவர்.

அதன்பின் விழிப்பு உண்டாயிற்று. 2012இல் பல மருத்துவச் சங்கங்கள் கூடிச் சென்னைப் பிரகடனம் என்னும் தீர்மானத்தை உருவாக்கின. 2014 மார்ச்சு முதல், குறிப்பிட்ட சில ஆன்டிபயாடிக் மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்றும், விற்றதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றும் நடுவண் அரசின் விதி நடைமுறைக்கு வந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், புதுச்சேரி ஜிப்மர் நிலையமும், எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று கண்காணிக்கும் இந்திய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் அமைப்பில் பங்கேற்றுள்ளன. ஒரு காலத்தில் நீர்க்கடுப்புக்குத் தப்பாது பலித்த மாத்திரைகள் பல இன்று பலிப்பதில்லை. விதி எழுதப்பட்டுவிட்டது, அதனை வாழ்க்கையில் கடைப்பிடிப்பது குடும்பங்களின் கையில் உள்ளது.

நாம் செய்யத் தக்கவை

முதலாவது, நோயை மறைக்கலாகாது. எரிச்சலும் அடிக்கடி நீர்ப்போக்கும் தோன்றினால் மருத்துவரிடம் செல்க. செஞ்சியில் அரசு மருத்துவமனை உண்டு. முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. குளிர்காய்ச்சல், விலாவலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கைக்குழந்தைக்குக் காரணம் புலப்படாத காய்ச்சல் வந்தால் சிறுநீரையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கருவுற்ற மகளிர் முதல் வருகையிலேயே இச்சோதனையைச் செய்துகொள்வது நலம்.

இரண்டாவது, சோதனைக்குச் சிறுநீர் கொடுக்கும் முறையை அறிந்துகொள்க. ஆய்வுக்கூடத்தார் தரும் தூய கலத்தின் உட்புறத்தைத் தொடலாகாது. முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். மருந்து உண்ணத் தொடங்குமுன் கொடுப்பதே பயன் தரும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்னும் முடிவு வர இரண்டு மூன்று நாள்கள் ஆகலாம். அதுவரை என்ன செய்வது என்பதை மருத்துவரே சொல்வார்.

மூன்றாவது, மருத்துவர் குறித்த நாள்வரை மருந்துண்க. குறைக்கவும் வேண்டா, கூட்டவும் வேண்டா. பக்கத்து வீட்டம்மாளுக்குப் பலித்தது என்று அதே மாத்திரையை வாங்குதல் தவறு. எஞ்சியதைப் பிறருக்குக் கொடுத்தல் அதனினும் தவறு.

நான்காவது, தண்ணீர். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி நீர்க்கடுப்பினால் வருந்திய, குறைவாக நீர் பருகும் வழக்கமுள்ள 140 மகளிரைத் தெரிந்தெடுத்தனர். அவர்களுள் ஒரு பாதியினரை நாள்தோறும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகப் பருகச் செய்தனர். ஓராண்டில், வழக்கம்போல் பருகியோருக்குச் சராசரி 3.2 முறை நோய் வந்தது. கூடுதலாகப் பருகியோருக்கு 1.7 முறையே வந்தது. ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது! நீர்மோரும் இளநீரும் பார்லிக் கஞ்சியும் இவ்வகையில் உதவும். ஆனால் நோய் முற்றியபின் அவை மருந்துக்கு ஈடாகா. சிறுநீரக நோய், இதய நோய் உள்ளோர் மட்டும் மருத்துவர் சொன்ன அளவையே பருக வேண்டும்.

ஐந்தாவது, ஒதுங்க இடம். தண்ணீர் குடி என்று பெண்களுக்கு அறிவுரை சொல்வது எளிது. குடித்தபின் அவர்கள் எங்கே செல்வது என்று எண்ணிப் பார்ப்பதே அன்பு. கழிப்பறை தூய்மையாய் இல்லாததால் காலை முதல் மாலை வரை அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் பள்ளிச் சிறுமியர் எத்தனை பேர்! ஆலயத் திருவிழாவிலும், திருமண மண்டபத்திலும், நீண்ட பேருந்துப் பயணத்திலும் இதே நிலைதான். நம் பங்குகளில் திருவிழாச் செலவுக் கணக்கு எழுதும்போது, ஒலிபெருக்கிக்கும் மின்விளக்கு அலங்காரத்துக்கும் ஒதுக்குவதற்கு முன்னர், பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு கூடிய கழிப்பறைக்கு ஒதுக்குவோமாக. நிலவுடைமையாளர் தம் கழனியில் ஒரு மறைப்பு அமைத்துக் கொடுப்பாராக. இவை மருந்துச் சீட்டில் எழுதப்படாத மருந்துகள்.

கோட்டையும் குளமும்

1690ஆம் ஆண்டில் மொகலாயப் படைத்தலைவன் சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டான். 1698இல்தான் கோட்டை அவன் வசமாயிற்று. அத்தனை ஆண்டுகள் அது தாக்குப் பிடித்ததற்கு உயர்ந்த மதில்களும் செங்குத்தான பாறைகளும் காரணமாயின. மலைமேல் வற்றாத சுனைகள் இருந்ததையும் மறத்தலாகாது. இன்றும் கோட்டைக்குள் செல்வோர் சக்கரக் குளத்தையும் செட்டிக் குளத்தையும் காணலாம். கோட்டை கட்டியோர் முதலில் எண்ணிப் பார்த்தவை தண்ணீரும், உள்ளே வாழ்வோர்தம் தேவைகளுமே.

நம் உடலாகிய கோட்டையையும் அவ்வாறே பேணுவோம். உள்ளே அமைதியாய்க் குடியிருப்போரை வீணே அழிக்காதிருப்போம். மதிலேறும் பகைவனை, சோதனை என்னும் கண்கொண்டு அடையாளம் கண்டு, உரிய மருந்தால் உரிய நாளில் வெல்வோம். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று மாலை கழனியிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ திரும்பும் தாயிடம், மனைவியிடம், மகளிடம், இன்று தண்ணீர் குடித்தாயா, உடம்புக்கு ஏதேனும் செய்கிறதா என்று அன்போடு கேட்போம். நாணத்தால் மூடிய வாய் அந்த ஒரு கேள்வியில் திறக்கக்கூடும்.